கொரிய மாணவருக்கு ஆங்கிலத் துணை: புதிதாகத் தொடங்கும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேரும் தமிழர் பலருக்கு முதல் பருவத்திலேயே வகுப்பு உதவியாளர் வேலையோ, எழுத்து உதவி மையத்தில் சில மணி நேரப் பணியோ கிடைத்துவிடுகிறது. உதவி கேட்டு எதிரே வந்து உட்காருகிறவர்களில் கொரியர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். இணையவழியில் ஆங்கிலம் கற்றுத்தருபவர்களுக்கும், ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் பணிக்காகச் சென்னைக்கு வந்து குடியிருக்கும் கொரியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கொரிய மாணவருக்கு ஆங்கிலம் வராது என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஆங்கிலச் சொற்கள் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் தடுமாறும் இடங்கள் சில மட்டுமே; அவை எவை என்று முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியும். அவற்றைக் கண்டுபிடிப்பதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. கொரிய வாக்கியம் நம் வாக்கியத்தைப் போலவே வினைமுற்றில் முடிகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. மரியாதை வினையின் விகுதியில் ஏறுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு விளங்காத பிழை, தமிழ் தெரிந்தவருக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

இதை வைத்துக்கொண்டு, கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று மாணவரிடம் ஆரம்பித்துவிட வேண்டாம். அம்மாவை அவர்கள் ஒம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் அழைப்பது உண்மைதான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த உறவை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. நமக்கு வேண்டியது இலக்கண அமைப்பில் உள்ள ஒற்றுமை மட்டும்.

படி 1: எந்த வழியாக வந்தார் என்று கேளுங்கள்

முதல் சந்திப்பில் பாடம் வேண்டாம். அவர் ஆங்கிலம் படித்த கதையைக் கேளுங்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரின் ஆங்கிலம் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும்.

கொரியாவிலேயே பள்ளி முடித்தவர் ஒரு வகை. அங்கே 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. பள்ளி விட்டதும் ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையத்தில் இரவு வரை படிப்பு. எல்லாம் நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கியே போகிறது. அதன் ஆங்கிலத் தாளுக்கு 70 நிமிடம்; 45 கேள்விகள்; அவற்றில் 17 ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிப்பவை. அந்தப் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அவ்வளவு கனமான தேர்வு. ஆனால் அதில் வாய் திறந்து பேச வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை; ஒரு பத்தி எழுதச் சொல்லும் கேள்வியும் இல்லை. வேலைக்காக எழுதும் டோயிக் தேர்வின் வழக்கமான தாளும் அப்படித்தான்: கேட்டல், வாசிப்பு, மொத்தம் 990 மதிப்பெண். ஆகவே இவரால் கடினமான கட்டுரையைப் படித்துவிட முடியும். உணவகத்தில் ரொட்டியின் மேல் என்ன வைக்க வேண்டும் என்று கேட்டால் திகைத்து நிற்பார்.

பிலிப்பைன்ஸின் பாகியோ, செபு நகரங்களில் உள்ள மொழிப் பள்ளிகளில் சில மாதம் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பயின்றுவிட்டு வந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்குப் பேச்சில் கூச்சம் குறைவு. எழுத்தில் ஓட்டைகள் அதிகம். சிறுவயதிலேயே தாயோடு வெளிநாடு அனுப்பப்பட்டுப் படித்தவர்களும் உண்டு. இவர்களின் உச்சரிப்பைக் கேட்டு உதவியே தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு ஆங்கிலம் சரளமாக இருந்தும் கல்வி ஆங்கிலம் அரைகுறையாக நிற்பது இவர்களிடம்தான்.

ஆண் மாணவர் என்றால் ராணுவ சேவையை முடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரைப்படையில் அது இப்போது 18 மாதம். படிப்பின் நடுவே போய்த் திரும்பியவரின் ஆங்கிலம் துருப்பிடித்திருக்கும். வகுப்பில் தன்னைவிட இளையவர்கள் சரளமாகப் பேசுவது அவருக்குக் கூடுதல் சங்கடம்.

பெயரையும் அன்றே சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால்; சொந்தப் பெயர் பெரும்பாலும் இரண்டு அசை. பல்கலைக்கழகப் படிவங்கள் இரண்டாம் அசையை நடுப்பெயராக்கி, ஆளைப் பாதிப் பெயரில் கூப்பிட வைத்துவிடும். தகப்பனார் பெயரை முதலெழுத்தாகச் சுமந்து திரியும் நமக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

படி 2: மௌனத்துக்கு நேரம் கொடுங்கள்

"எனி கொஸ்டின்ஸ்?" என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. யாரும் கை தூக்க மாட்டார்கள். எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பது வகுப்பின் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும், ஆசிரியர் சரியாக விளக்கவில்லை என்று குறை சொல்வதுபோலவும் ஆகும் என்ற தயக்கம் ஒருபுறம். மற்ற கொரியர்கள் முன்னிலையில், குறிப்பாக சொன்பே எனப்படும் மூத்த மாணவர் இருக்கும்போது, தவறான ஆங்கிலம் பேசிவிடக் கூடாது என்ற அச்சம் மறுபுறம். ஒரு வெள்ளைக்காரர் முன்னால் பிழையாகப் பேசுவதைவிட இது அவர்களுக்குப் பெரிய சங்கடம். கல்லூரியில் தமிழ் நண்பர்கள் சூழ்ந்திருக்க ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நமக்கும் அப்படித்தானே இருந்தது!

செய்ய வேண்டியது எளிது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் கொடுத்து, விடையைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். அதன் பிறகு பெயர் சொல்லி அழையுங்கள். தாளில் இருப்பதை வாசிக்கத் தொடங்குபவர் சில வாரங்களில் தாளைப் பார்க்காமலே பேசிவிடுவார். கேள்வி கேட்டவுடன் விடை வரவில்லை என்று நீங்களே விடையைச் சொல்லிவிடுவதுதான் புதிய உதவியாளர்கள் செய்யும் பெரிய கெடுதல்.

பேச்சின் நடுவே அவர் "யெஸ், யெஸ்" என்று தலையசைப்பார். கொரிய மொழியில் "நே, நே" என்று சொல்லிக்கொண்டே கேட்பது மரியாதை. நாம் "ம்" கொட்டுவதைப் போல. அதைப் புரிந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "புரிந்ததா?" என்று கேட்காமல், "அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

எதிர்மறைக் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். "டிட்ண்ட் யூ சப்மிட் இட்?" என்றால் "யெஸ்" என்பார், கட்டுரையை அவர் சமர்ப்பித்திருக்க மாட்டார். "கொடுக்கவில்லையா?" என்ற கேள்விக்கு நாம் "ஆமாம், கொடுக்கவில்லை" என்று சொல்லும் அதே கணக்கு. ஆங்கிலத்தில் அதற்கு "நோ" சொல்ல வேண்டும். அவர் பழகும் வரையில் நீங்கள் எதிர்மறையில் கேட்காமல் இருப்பது மேல்.

படி 3: முதலில் காது, அதிலும் உங்கள் ஆங்கிலம்

அவர் வளர்ந்தது பதிவு செய்யப்பட்ட, நிதானமான அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டு. உங்கள் ஆங்கிலம் அவருக்குப் புதிது. நம் "ட" நாக்கை மடித்து வருவது. நம் வேகமும் கொஞ்சம் அதிகம். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கப் பாணியை வலிந்து போட்டுக்கொள்ளவும் வேண்டாம். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். கலைச்சொற்களையும் தேதிகளையும் எழுதிக் காட்டுங்கள்.

எண்களைக் கட்டாயம் எழுதிக் காட்டுங்கள். கொரியர்கள் பத்தாயிரத்தை ஒரு மான் என்று எண்ணுகிறார்கள். ஒரு மில்லியன் அவர்களுக்கு நூறு மான். பத்துக் கோடி ஓர் ஒக். மில்லியன், பில்லியன் என்று பேராசிரியர் அடுக்கும்போது அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். லட்சம், கோடியில் வளர்ந்த உங்களுக்கும் இது நடந்திருக்கும். பூஜ்ஜியங்களோடு ஒரு சின்ன மாற்று அட்டவணை எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பொருளாதாரம் படிப்பவருக்கு இது மிகவும் உதவும்.

படி 4: உச்சரிப்பில் எதைத் தொடுவது, எதை விடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் திருத்தப் பார்ப்பவர் மாணவரின் வாயை அடைத்துவிடுவார்.

முதலில் அசைகள். கொரிய மொழியில் ஓர் அசையின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்கா. அசையின் முடிவிலும் ஏழு மெய்யொலிகள் மட்டுமே வரும். ஆங்கிலச் சொல் இதை மீறும் இடத்தில் எல்லாம் ஒரு குறுகிய உயிர் நுழைந்துவிடுகிறது. "கிறிஸ்மஸ்" கொரியர் வாயில் கு-ரி-சு-மா-சு என்று ஐந்து அசை ஆகிறது. "ஸ்ட்ரைக்" என்ற ஓரசைச் சொல்லும் சு-து-ரா-இ-கு என்று ஐந்து. அந்த உயிர் என்ன ஒலி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: காசு, பாட்டு என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் நம் குற்றியலுகரம்தான். "பஸ்ஸு", "காரு" என்று நாமும் அதையே செய்கிறோம். சொல்லின் கடைசியில் "ச", "ஜ" சாயல் வந்தால் உகரத்துக்குப் பதில் இகரம் ஒட்டிக்கொள்ளும்: "பினிஷி", "பேஜி", "மெசேஜி". இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். அசை கூடினால் கேட்பவருக்குச் சொல்லே தெரியாமல் போகிறது. மேசையில் விரலால் தட்டி, அசைக்கு ஒரு தட்டு என்று எண்ணச் சொல்லுங்கள். "ஸ்ட்ரைக்" ஒரே தட்டு. விளக்கத்தைவிட இந்தத் தட்டு வேகமாக வேலை செய்கிறது.

அடுத்தது மெய்கள் ஒன்றோடொன்று உரசும் இடம். பல் + மொழி நம்மிடம் பன்மொழி ஆவதைப்போல, கொரியத்திலும் மெல்லினம் பின்னால் வந்தால் முன்னுள்ள மெய் மூக்கொலியாகிவிடும். "நிக்நேம்" என்பது "நிங்நேம்" ஆகும். "குட்மார்னிங்", "குன்மார்னிங்" ஆகும். "ஹென்றி" வேறொரு விதியால் "ஹெல்லி" ஆவார். அது சோம்பேறித்தனமான பேச்சு அல்ல, அவர்கள் மொழியின் புணர்ச்சி விதி. விதி என்று சொல்லிவிட்டால் மாணவரே தன் பேச்சில் அதைக் கண்டுபிடிக்கத் தொடங்குவார்.

"ஃப" வேண்டிய இடத்தில் "ப", "வ" வேண்டிய இடத்தில் "ப" போன்ற ஒலி, "ஸெட்" எழுத்துக்கு "ஜ", ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து: இவை எல்லாரும் அறிந்தவை. ர, ல, ள, ற, ழ எல்லாம் வைத்திருக்கும் நமக்கு "ரைஸ்", "லைஸ்" குழப்பம் வேடிக்கையாகத் தோன்றலாம், சிரித்துவிடாதீர்கள். பாடத்தில் அடிக்கடி வரும் சொற்களில் மட்டும் திருத்துங்கள். உயிரியல் மாணவருக்கு "ஃபங்கஸ்", சட்ட மாணவருக்கு "லா", "ரா" என்பதுபோல. "ஸி" என்ற ஒலி "ஷி" ஆவதை மட்டும் முதல் வாரமே தனியாகச் சொல்லிவிடுங்கள். உட்காருவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எப்படி மாறும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. "ப" ஒலியில் ஆங்கிலம் காட்டும் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்தும் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் "வி", "டபிள்யூ" எழுத்துகள் காட்டும் இரண்டு ஒலிகளும் நமக்கு ஒரே "வ" தான். உங்கள் வாயையே மாதிரியாக வைக்காமல், அகராதிச் செயலியின் ஒலிப்பதிவை இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

படி 5: வாக்கியத்தில் தமிழைப் பயன்படுத்துங்கள்

"நேற்று நான் வாங்கிய புத்தகம்" என்பதை ஒரு கொரியர் "ஒஜே நேகா சான் செக்" என்பார். நேற்று, நான், வாங்கிய, புத்தகம்: வரிசை ஒன்றே. "சாப்பிட்டுப் பார்" என்பதற்கும் அவர்கள் சாப்பிடுவதோடு பார்ப்பதையே சேர்க்கிறார்கள். ஆகவே அவருடைய வாக்கியம் எங்கே புரண்டது என்று தெரியாவிட்டால், அதை மனத்துக்குள் தமிழில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நேராகிவிடும். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு எப்படிப் போவது என்பது நீங்கள் பள்ளியில் பட்ட பாடுதான். அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

அடிக்கடி வரும் பிழைகள் சில. "ஐ ஆம் காபி" என்று உணவகத்தில் சொல்வார். "நானோ என்றால், காபி" என்ற பொருளில். எழுத்தில் அது "இன் கேஸ் ஆஃப் கொரியா" என்று ஒவ்வொரு பத்தியின் தலையிலும் வந்து நிற்கும். எழுவாய் காணாமல் போகும். "ஹி", "ஷி" மாறும். கொரியப் பேச்சில் அந்தச் சுட்டுப்பெயர்கள் அரிது, பெயரையோ உறவுமுறையையோதான் சொல்வார்கள். "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பெண்ட்" என்று தானாக நிகழ்ந்ததைச் செயப்பாட்டில் எழுதுவார்.

"எ", "தி" பற்றி என் கருத்து கடுமையானது: முதல் பருவத்தில் தொடாதீர்கள். இரண்டு மொழியிலும் இல்லாத ஒன்று அது. பத்து விதி சொல்லிக் குழப்பினாலும், அந்த இடத்தில் தப்பு வருவதால் வாசகருக்குப் பொருள் தவறிப்போவது அரிது. அதே நேரத்தைக் காலம் காட்டும் வினைக்குச் செலவிடுங்கள்.

படி 6: கொரிய ஆங்கிலச் சொற்கள்

கொரியத்தில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் வேறு பொருளோடு வாழ்கின்றன. மாணவர் அவற்றை ஆங்கிலம் என்றே நம்புகிறார். "நோட்புக்" மடிக்கணினி. "சர்வீஸ்" கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பது. "மீட்டிங்" என்பது ஆண்களும் பெண்களும் குழுவாகச் சந்தித்துத் துணை தேடுவது. பேராசிரியரோடு மீட்டிங் என்று சொல்ல ஒருவர் தயங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். "கனிங்" என்றால் தேர்வில் காப்பியடிப்பது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் இந்தச் சொல் வந்தால் விளைவு விபரீதம், ஆகையால் இதை முன்னதாகவே சொல்லிவையுங்கள். "ஹேண்ட்போன்" சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செல்லும், அமெரிக்காவில் முழிப்பார்கள்.

படி 7: கட்டுரையும் மின்னஞ்சலும்

கொரியப் பள்ளிகளில் கி-சுங்-ஜொன்-கியொல் என்ற நான்கு கட்ட அமைப்பைக் கேட்டு வளர்ந்திருப்பார்: எடுத்தல், வளர்த்தல், திருப்பம், முடிவு. முக்கியமான கருத்து கடைசியில் வரும். ஆங்கிலம் வழிப் படிப்பில் பேராசிரியர் முதல் பத்தியிலேயே அதைத் தேடுகிறார். கிடைக்காமல் "கருத்து தெளிவாக இல்லை" என்று ஓரத்தில் எழுதிவிடுகிறார். சிந்தனையில் குறை இல்லை, இருக்கும் இடம்தான் வேறு. கட்டுரையின் கடைசிப் பத்தியை எடுத்து முதலில் ஒட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பல கட்டுரைகள் அந்த ஒரே மாற்றத்தில் நிமிர்ந்துவிடும்.

மின்னஞ்சல் வேறு கதை. கொரியத்தில் பணிவு முழுவதும் வினை விகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் விகுதி இல்லாததால் பணிவை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒன்று வானிலையில் தொடங்கி நீண்ட முன்னுரை எழுதுவார், அல்லது "ப்ளீஸ் கிவ் மீ ஃபீட்பேக்" என்று மொட்டையாக முடிப்பார். "யூ ஹேட் பெட்டர்" என்பது நல்ல அறிவுரை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார். பேராசிரியருக்கு அது மிரட்டலாக ஒலிக்கும். ஒரு வடிவம் எழுதிக் கொடுங்கள்: யார், எந்தப் பாடம், என்ன வேண்டும், எப்போதுக்குள், நன்றி. வேண்டுகோளை "குட் யூ", "வுட் இட் பி பாஸிபிள்" என்று தொடங்கட்டும். ஆஸ்திரேலியாவில் பேராசிரியரை முதல் பெயரால் அழைக்கச் சொல்வார்கள். கொரியருக்கு நாக்கு எழாது. நமக்கும் "சார்" இல்லாமல் வராது. "ப்ரொஃபெஸர்" என்று எழுதினால் எந்த நாட்டிலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பாபாகோ போன்ற மொழிபெயர்ப்புச் செயலிகளை அவர் பயன்படுத்துவார், மறைக்க வைக்காதீர்கள். குறிப்பெடுக்கவும் வாசிக்கவும் பயன்படுத்தட்டும். சமர்ப்பிக்கும் கட்டுரையில் எவ்வளவு அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், ஆகவே பாடத்திட்டத் தாளை இருவரும் சேர்ந்து படியுங்கள். நீங்களும் அவருக்காக வாக்கியங்களை எழுதிக் கொடுக்காதீர்கள். வேலையும் போகும், அவர் மதிப்பெண்ணும் போகும்.

எப்படித் தொடங்குவது

முதல் சந்திப்பு கதை கேட்க. அடுத்த சில சந்திப்புகள் காதுக்கும் அசைத் தட்டுக்கும். அதன் பிறகு அவர் வகுப்பில் கேட்க நினைக்கும் ஒரே ஒரு கேள்வியை முந்தைய நாளே உங்களிடம் சொல்லிப் பழகட்டும். மறுநாள் அதைக் கேட்டுவிட்டு வரட்டும். கட்டுரைத் திருத்தத்தை இதற்கெல்லாம் பிறகு வையுங்கள், அவர் அதைத்தான் முதலில் கேட்பார் என்றாலும்.

நாளை காலை சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையோடு இரவு வந்து நிற்பவரும் உண்டு. அவரிடம் இந்தப் படிகளை எல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது. கடைசிப் பத்தியை முன்னால் கொண்டுவரச் செய்யுங்கள். எழுவாய் இல்லாத வாக்கியங்களுக்கு எழுவாய் போடச் சொல்லுங்கள். வினைகளின் காலத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துச் சரிபார்க்கட்டும். மீதியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக் கொடுங்கள்.